நான்கு போர், மூன்று ஒப்பந்தம்: பழனி மலையைக் கை மாற்றிய காகிதத்தின் கதை!

போளூர் என்றதும் பலருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்தான் ஞாபகத்துக்கு வரும். நாம் பார்க்கப்போவது இன்னொரு போளூர். கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போய்க்கொண்டே இருந்தால் வரும் மேல்மலைக் கிராமம். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் மண். இதைத் தாண்டினால் கிளாவரை, அதற்கு அப்பால் கேரள மலைகள்.

இவ்வளவு ஒதுங்கியிருக்கும் மலைக்கும் சர்வதேச ராஜதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1792-ம் ஆண்டு மார்ச் மாதம் காவிரிக்கரையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தில், கை மாறும் ஊர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் திண்டுக்கல்லும் 'பழனி-விருப்பாச்சி'யும் இரண்டு தாலுகாக்களாக ஒரே வரியில் வருகின்றன. பக்கத்திலேயே அவற்றின் வருமானம் வராகன் கணக்கில். அந்த ஒரு வரியோடு பழனி மலைச் சீமை மைசூரிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனிக்குப் போய்விட்டது.

அந்த வரி எழுதப்படுவதற்கு முன்னால் இரண்டு பகை அரசுகள் கால் நூற்றாண்டாகச் சண்டை போட்டன. சண்டைக்கு நடுவே தூது அனுப்பின, கடிதம் எழுதின, கை குலுக்கின, வாக்கு மீறின. இன்றைக்கு இந்தியா-பாகிஸ்தான் செய்திகளை மொபைலில் படிக்கும்போது வரும் பல கேள்விகளுக்கு அந்தப் பழைய கதையில் பதில் கிடைக்கிறது.

திண்டுக்கல்லில் தொடங்கிய ஹைதர்

மைசூரின் படைத்தளபதியாக இருந்து ஆட்சியையே கைப்பற்றிய ஹைதர் அலியின் வளர்ச்சிக்குத் திண்டுக்கல் ஒரு முக்கியமான படி. 1750-களின் மத்தியில் அவர் திண்டுக்கல் சீமையின் ஃபௌஜ்தாராக, அதாவது ராணுவ நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். மலைக்கோட்டையைப் பலப்படுத்தினார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதப் பட்டறை அமைத்தார். இன்று நாம் கொடைக்கானல் போகும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும் அந்தப் பாறைக்கோட்டைதான்.

அதே காலத்தில் சென்னையில் ஜார்ஜ் கோட்டையை மையமாக வைத்து கிழக்கிந்திய கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தது. ஆற்காட்டு நவாப் அதன் கூட்டாளி. வளரும் இரண்டு சக்திகள், நடுவில் தமிழகத்தின் சமவெளி. 1767-ல் முதல் போர் வெடித்தது.

1769: சென்னை வாசலில் ஓர் உடன்படிக்கை

இரண்டு வருடச் சண்டைக்குப் பிறகு, 1769 மார்ச் கடைசியில் ஹைதர் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். வேகமான குதிரைப்படையோடு சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றுவிட்டார். கம்பெனியின் படை எங்கோ பின்னால் இருந்தது. பேச்சுவார்த்தையைத் தவிர ஜார்ஜ் கோட்டைக்கு வேறு வழியில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்பாடு கையெழுத்தானது. பிடித்த இடங்களைப் பரஸ்பரம் திருப்பித் தரவேண்டும். இன்னொரு முக்கியமான ஷரத்து, ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வரவேண்டும். நேற்று வரை எதிரி, இன்று முதல் பாதுகாப்புக் கூட்டாளி!

காகிதத்தில் இருந்த இந்த ஷரத்துக்குச் சோதனை உடனே வந்தது. அடுத்த ஆண்டே மராத்தியர்கள் மைசூர்மீது படையெடுத்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கம்பெனி வரவில்லை. ஹைதர் அதை மறக்கவே இல்லை. பின்னால் நடந்த ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் அந்த மீறப்பட்ட வாக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

விருப்பாச்சியில் ஒரு ராணி

கம்பெனி கைவிட்டதும் ஹைதர் கம்பெனியின் எதிரிகளுக்குக் கதவைத் திறந்துவைத்தார். அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் சிவகங்கைச் சீமையின் ராணி வேலு நாச்சியார்.

1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த அவர், பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் விருப்பாச்சிக்கு வந்து சேர்ந்தார். பாளையக்காரர் கோபால் நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் பிரதானி தாண்டவராய பிள்ளை ஹைதருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 5,000 குதிரை வீரர்களும் 5,000 காலாட்படையினரும் தந்தால் சீமையை மீட்கலாம் என்பது அந்தக் கோரிக்கை.

உதவி உடனே கிடைத்துவிடவில்லை. சுமார் எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1780-ல்தான் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். ஹைதருக்கும் கம்பெனிக்கும் இடையில் அடுத்த போர் வெடித்த வருடமும் அதுதான். பெரிய அரசுகளின் பகையில் சரியான தருணத்துக்காகச் சிறிய அரசுகள் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதற்கு விருப்பாச்சி ஓர் உதாரணம்.

தமிழ் பேசிய தூதர்

1779-ல் சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்டு, ஹைதரின் மனதை அறிய ஒரு தூதரைத் தேடினார். அதிகாரிகளை ஹைதர் நம்பமாட்டார் என்று தெரியும். தேர்வானவர் ஒரு பாதிரியார். ஜெர்மனியில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றிய ஸ்வார்ட்ஸ் ஐயர். தமிழ் சரளமாகப் பேசுவார்.

திருச்சியிலிருந்து கிளம்பி, கொங்குப் பகுதி வழியாக மலையேறி ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார். ஹைதர் மரியாதையோடு வரவேற்றார். ஆனால் கம்பெனிமீதான மனக்குறைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவைத்தார். ஏனென்றால், தூதர் ஒரு பக்கம் சமாதானம் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டில், ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹே துறைமுகத்தை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கம்பெனி பிடித்திருந்தது. மைசூருக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் வந்த வழி அது. வாய் ஒன்று பேச, கை வேறொன்று செய்தால் தூதர் எவ்வளவு நல்லவராக இருந்து என்ன பயன்?

கிளம்பும்போது ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த பண முடிப்பை ஸ்வார்ட்ஸ் சென்னை அரசிடமே ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு சொன்னதும், தஞ்சையில் அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்கு அதை ஒதுக்கினார். அடுத்த ஆண்டு போர் தொடங்கி ஊர்கள் எரிந்தபோதும், அந்தப் பாதிரியாரை மட்டும் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தார். இரண்டு அரசுகளுக்கு நடுவே இல்லாத நம்பிக்கை ஒரு தனிமனிதர்மீது இருந்திருக்கிறது.

கடலூருக்கு வந்த பாரிஸ் செய்தி

1780-ல் தொடங்கிய இரண்டாவது போரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை மைசூர் அழித்தது. 1782 டிசம்பரில் போரின் நடுவிலேயே ஹைதர் இறந்தார். மகன் திப்பு சுல்தான் பொறுப்பேற்றார்.

அந்த நேரத்தில் உலகின் இன்னொரு மூலையில் அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் போரில் பிரான்ஸ், பிரிட்டனுக்கு எதிரி. அதனால் இங்கேயும் பிரெஞ்சுப் படை திப்புவின் பக்கம். 1783-ன் நடுவில், கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்தது. சண்டை அப்படியே நின்றது. மங்களூர்க் கோட்டையைத் திப்புவோடு சேர்ந்து முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சு வீரர்களும் விலகிக்கொண்டார்கள். எங்கோ போடப்பட்ட கையெழுத்து, திப்புவைப் பாதி வழியில் தனியாக நிறுத்திவிட்டது.

மறுபக்கம், தெற்கே கர்னல் ஃபுல்லர்ட்டனின் படை தாராபுரம், பாலக்காடு, கோயம்புத்தூர் என்று முன்னேறியிருந்தது. திண்டுக்கல்லும் 1783-ல் கம்பெனி கைக்குப் போயிருந்தது.

1784: திருப்பிக் கொடுக்கப்பட்ட திண்டுக்கல்

சென்னை கவர்னர் மெக்கார்ட்னி மூன்று பேரைத் தூது அனுப்பினார். சேட்லியர், ஸ்டான்டன், ஹட்ல்ஸ்டன். 1784 மார்ச் 11-ல் மங்களூரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிடித்ததைத் திருப்பிக்கொடு, கைதிகளை விடுவி. இதன்படி திண்டுக்கல் மறுபடி மைசூருக்கே வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே வருடத்துக்குள் திண்டுக்கல் சீமைக்கு இரண்டு எஜமானர்கள். வரி வாங்கும் ஆள் மாறுகிறார், காவல் நிற்கும் படை மாறுகிறது. விவசாயிக்கு நிலம் மட்டும்தான் அதே நிலம்.

இந்த ஒப்பந்தம் கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எதிரியின் இடத்துக்கே போய்க் கையெழுத்து வாங்கிவந்தது கம்பெனிக்கு அவமானம் என்ற எண்ணம் ஆங்கிலேயர்களிடம் பரவலாக இருந்தது. ஒரு சுவாரஸ்யமான துணைத்தகவல்: மங்களூர்த் தூதுக் குழுவில் இருந்த ஸ்டான்டனும் அவரை அனுப்பிய மெக்கார்ட்னியும்தான், ஒன்பது ஆண்டுகள் கழித்து 1793-ல் சீனப் பேரரசரைப் பார்க்கப்போன புகழ்பெற்ற பிரிட்டிஷ் தூதுக் குழுவை நடத்தினார்கள்.

வெர்சாய் போன மைசூர்க்காரர்கள்

திப்பு சும்மா இருக்கவில்லை. ஒட்டோமான் சுல்தானைப் பார்க்கக் கான்ஸ்டான்டினோபிளுக்கு ஒரு குழுவை அனுப்பினார். பிரான்சுக்கு இன்னொரு குழு. 1788 ஆகஸ்ட் 10-ல் மைசூரின் மூன்று தூதர்கள் வெர்சாய் அரண்மனையில் 16-ம் லூயி மன்னரைச் சந்தித்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பீங்கான் பரிசுகள் கிடைத்தன. கேட்டுப்போன ராணுவக் கூட்டணி மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி வெடித்து, அந்த மன்னரின் நாற்காலியே ஆட ஆரம்பித்துவிட்டது.

விடுபட்ட ஒரு பெயர்

1789 ஜூலை 7-ல் புதிய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், ஹைதராபாத் நிஜாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களுக்கு நாங்கள் படை தருகிறோம், ஆனால் இன்னின்ன நண்பர்களுக்கு எதிராக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பட்டியல். அதில் திப்புவின் பெயர் இல்லை. 1784 ஒப்பந்தப்படி அவர் சமாதானத்தில் இருந்த அண்டை நாட்டு அரசர். பட்டியலில் பெயரை விட்டுவிட்டதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்.

ராஜதந்திரக் கடிதங்களில் எழுதியதைவிட எழுதாமல் விட்டதைத்தான் எதிராளி முதலில் படிப்பார். அந்த ஆண்டின் கடைசியில், டிசம்பர் 29-ல், கம்பெனியின் கூட்டாளியான திருவிதாங்கூரின் எல்லைக் காப்பரணை திப்பு தாக்கினார். டச்சுக்காரர்களிடமிருந்து திருவிதாங்கூர் இரண்டு கோட்டைகளை விலைக்கு வாங்கியதில் ஏற்பட்ட தகராறு அது. மூன்றாவது போர் ஆரம்பமானது. இந்த முறை கம்பெனியோடு நிஜாமும் மராத்தியரும் சேர்ந்துகொண்டார்கள். 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தார்.

1792: இரண்டு சிறுவர்களும் ஒரு பட்டியலும்

1792 பிப்ரவரியில் கூட்டுப்படை ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தது. திப்புவின் தரப்பில் குலாம் அலி கானும் அலி ரஸா கானும் பேசினார்கள். கம்பெனி தரப்பில் ஜான் கென்னவே. நிபந்தனைகள் கடுமையானவை. பாதி ராஜ்ஜியத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தரவேண்டும். எல்லாம் முடியும் வரை திப்புவின் இரண்டு மகன்கள் பிணையாக இருக்கவேண்டும்.

பிப்ரவரி 26-ல் அப்துல் காலிக், முய்ஸுதீன் என்ற அந்த இரண்டு சிறுவர்களும் யானைமேல் ஏறி கார்ன்வாலிஸின் முகாமுக்கு வந்தார்கள். பத்து வயதைத் தொட்டவரும் அதற்கும் சின்னவரும். கார்ன்வாலிஸ் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். அந்தக் காட்சியை லண்டன் ஓவியர்கள் மாய்ந்து மாய்ந்து வரைந்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளைகளின் மனநிலையை எந்த ஓவியமும் சொல்லவில்லை. சென்னைக்குக் கொண்டுபோகப்பட்ட அவர்கள், 1794 மார்ச்சில்தான் தேவனஹள்ளியில் அப்பாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டார்கள்.

மார்ச் 18-ல் இறுதி ஒப்பந்தம். குடகை விட்டுத்தர திப்பு கடைசி வரை முரண்டுபிடித்தார், பேச்சே முறியும் நிலை வந்தது. திண்டுக்கல், பழனி-விருப்பாச்சி பெயர்களுக்கு அப்படி யாரும் போராடியதாகத் தெரியவில்லை. மலபார், பாராமஹால், சேலம் ஆகியவற்றோடு அவையும் கம்பெனியின் பங்கில் சேர்ந்தன.

பட்டியலுக்குள் இருந்தவர்கள்

இந்த இடத்தில்தான் மலை மக்களை யோசிக்க வேண்டியிருக்கிறது. பழனி மலையின் பழைய குடிகளில் ஒரு பிரிவினரான குன்னுவர்கள், சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியில் நடந்த குழப்பங்களில் இருந்து தப்பித்து மலையேறியவர்கள் என்று ஒரு வழக்கு, பிரிட்டிஷ் காலக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. சண்டையே வேண்டாம் என்று மேலே போனவர்களின் நிலமும், கீழே நடந்த சண்டையின் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஒருமுறைகூட நில அளவை செய்யாமலே மலை கை மாறியது. கம்பெனியின் லெப்டினென்ட் வார்டு, சர்வேக்காக இந்த மலையில் ஏறியது 1821-ல்தான். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் பங்களாக்களைக் கட்டியது 1845-ல்.

அடிவாரத்தில் கதை இன்னும் கசப்பானது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாச்சி கோபால் நாயக்கர், புதிய எஜமானரை ஏற்கவில்லை. திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களையும் மற்றவர்களையும் திரட்டிக் கம்பெனியை எதிர்த்தார். 1801-ல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். ஒப்பந்தப் பட்டியலில் அவர் ஊரின் பெயர் இருந்தது. அவருடைய சம்மதம் இல்லை.

ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. திப்பு மறுபடி பிரெஞ்சுக்காரர்களோடு தொடர்புகொண்டது 1798-ல் மொரீஷியஸில் வெளியான ஓர் அறிவிப்பால் அம்பலமானது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு போரில் இறந்தார். இரண்டு அரசுகளின் பேச்சுவார்த்தைக் கதை, பேச ஓர் அரசே இல்லாமல் முடிந்தது.

இன்றைக்கு என்ன பாடம்?

இந்தியாவும் பாகிஸ்தானும் 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் கையெழுத்திட்டன. ஐந்தே ஆண்டுகளில் மறுபடி போர். 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம். 1999-ல் கார்கில். 2019 ஆகஸ்டிலிருந்து இரு தலைநகரங்களிலும் முழுநேரத் தூதர்கள் இல்லை. 1960-ல் கையெழுத்தாகி, மூன்று பெரிய மோதல்களைத் தாண்டி நின்ற சிந்து நதி நீர் ஒப்பந்தத்தை, பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது.

மைசூர்-கம்பெனி கதையோடு வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடுகின்றன. மீறப்பட்ட ஒரு வாக்கு, அடுத்த பத்துப் பேச்சுவார்த்தைகளைக் கெடுக்கும். தோற்றவரை ஒரேயடியாக நசுக்கும் ஒப்பந்தம், அடுத்த போருக்கு நாள் குறிக்கிறது. வெளிநாட்டுக் கூட்டாளி தன் கணக்கு முடிந்ததும் கிளம்பிவிடுவார். எல்லையில் வாழ்கிறவர்களைக் கேட்காமல் போடும் கோடு, அவர்கள் முதுகில்தான் விழும்.

ஒரு வித்தியாசமும் உண்டு. 1992-ல் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ம் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒருவர் நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்ற 1988 உடன்பாட்டின்படி இது நடக்கிறது. சிறையில் இருக்கும் ஒருவர் நாட்டுக் கைதிகள், மீனவர்களின் பட்டியலும் வருடத்துக்கு இரண்டு முறை கை மாறுகிறது. உறவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை. கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் எதிர்நாட்டுச் சிறையில் இருக்கும் ஒரு மீனவரின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று வீட்டில் அடுப்பு எரியும்.

அடுத்த முறை கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போகும்போது, திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகிறவர்கள் விருப்பாச்சியில் கோபால் நாயக்கர் மணிமண்டபத்தையும் பார்க்கலாம். குழந்தைகளிடம் போர் நடந்த தேதிகளைச் சொல்வதோடு, எந்தெந்த நாளில் பேசியிருந்தால் போரே நடந்திருக்காது என்றும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர்கள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.